உயரச் சுவருக்கும் சீலிங்கிற்கும் ரோலர் கம்பு: எதைப் பார்த்து வாங்குவது?

[காட்சி: ஒரு ஹால். தரையில் பழைய போர்வை விரித்திருக்கிறது. மேலே பாதி பெயின்ட் அடித்த சீலிங்.]

இந்த ஹாலின் சீலிங் தரையிலிருந்து 10 அடி. ஸ்டூல் போட்டு ஏறியும் அடிக்கலாம். ஆனால் நாலு இழுப்புக்கு ஒருமுறை இறங்கி, ஸ்டூலை நகர்த்தி, மறுபடி ஏற வேண்டும். முட்டி வலி ஒரு பக்கம். அதைவிடப் பெரிய சிக்கல், நாம் இறங்கி ஏறுவதற்குள் அடித்த ஓரம் காய்ந்துவிடுவது. காய்ந்த ஓரத்தின் மேல் அடுத்த இழுப்பு ஏறினால் அங்கே கோடு தெரியும். சித்திரை வெயிலில் எமல்ஷன் பெயின்ட் எவ்வளவு சீக்கிரம் இழுத்துக்கொள்ளும் என்று அடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தரையில் நின்று, நடந்தபடியே அடித்தால் ஓரம் ஈரமாக இருக்கும்போதே அடுத்த பட்டை அதோடு சேர்ந்துவிடும். நீட்டிச் சுருக்கும் ரோலர் கம்பு வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

[காட்சி: டேப்பால் சுவரை அளக்கும் கை.]

சரி, எவ்வளவு நீளம்? கடைக்குப் போகும் முன் வீட்டில் அளந்துவிடுங்கள். கம்பின் அடிப்பக்கத்தைப் பிடிக்கும் கை இடுப்பு உயரத்தில் இருக்கும், அது சுமார் 3 அடி. 10 அடியில் அது போக மிச்சம் 7 அடி. ரோலரின் கைப்பிடியும் வளைந்த கம்பியும் சேர்ந்து ஏறக்குறைய 1 அடி. ஆக, 6 அடிக் கம்பு. நேர் தலைக்கு மேலே அடித்தால் பெயின்ட் கண்ணில் சொட்டும் என்பதால் கொஞ்சம் சாய்த்துத்தான் பிடிப்போம். அதற்கு அரை அடி, ஒரு அடி கூட்டிக்கொள்ளுங்கள். 4 அடியிலிருந்து 8 அடி வரை நீளும் கம்பு இந்த ஹாலுக்குச் சரியாக இருக்கும்.

மாடிப்படிச் சுவர் என்றால் கணக்கு வேறு. ஹால் தரையிலிருந்து அளக்காதீர்கள். நீங்கள் நிற்கப்போகும் படியிலிருந்து அளந்து பாருங்கள்.

"எதற்கும் இருக்கட்டும், 16 அடியே வாங்கிவிடலாம்" என்று தோன்றும். வேண்டாம். நீளக் கம்பைச் சுருக்கி வைத்தாலும் அதன் கனம் குறையாது, உள்ளே இருக்கும் குழாய்களையும் சேர்த்துத்தான் தூக்குகிறீர்கள். முழுதாக நீட்டினால் நுனி ஆடும். நுனி ஆடினால் ரோலர் சுவரை ஒரே சீராக அழுத்தாது. ஓரிடத்தில் கெட்டியாகவும் ஓரிடத்தில் வெளிறியும் நிற்கும். உங்கள் வேலை கம்பின் நடு நீளத்திலேயே முடிகிற மாதிரி வாங்குங்கள். என்னைக் கேட்டால், 12 அடிக்கு மேல் கம்பு கேட்கிற இடத்தில் சாரம் கட்டிவிடுவதே நல்லது.

[காட்சி: மூன்று கம்புகளின் லாக், மிக அருகில்.]

அடுத்தது லாக், அதாவது நீட்டிய கம்பை அந்த நீளத்திலேயே பிடித்து நிறுத்தும் பூட்டு. கம்புக்குக் கொடுக்கும் காசில் பெரும்பங்கை இதற்காகத்தான் கொடுக்கிறோம் என்பேன். இது திருகு லாக். எந்த நீளத்திலும் நிறுத்தலாம், வசதிதான். ஆனால் ரோலரை மேலும் கீழும் ஓட்டும்போது மணிக்கட்டு தானாகத் திரும்பும். கழலும் பக்கமாகத் திரும்பினால் பிடி கொஞ்சம் கொஞ்சமாக இளகும். இரண்டாவது, பட்டன் லாக். இதில் ஒரு பட்டன் குழியில் விழுந்து உட்காரும். குழி இருக்கும் இடத்தில்தான் நிறுத்த முடியும், ஆனால் விழுந்துவிட்டால் நகராது. மூன்றாவது, மடக்குகிற கிளிப். பக்கத்தில் இறுக்குவதற்கு ஸ்க்ரூ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், தேய்ந்த பிறகும் பிடிக்க வைக்கலாம்.

போன வருடம் மாடிப்படிச் சுவர் அடித்தபோது என் திருகு லாக் கம்பு திடீரென்று இரண்டு அடி உள்ளே இறங்கியது. அதன் மேல் பாரத்தைப் போட்டு நின்றிருந்தேன். முன்னால் சரிந்து, படியின் கைப்பிடியைப் பிடித்ததால் தப்பித்தேன். அன்றிலிருந்து படிக்கட்டில் பட்டன் லாக் தவிர வேறு எதையும் நான் எடுப்பதில்லை.

[காட்சி: ரோலர் கைப்பிடியின் அடியில் உள்ள துளை.]

இப்போது பலரும் பார்க்காமல் விடுகிற இடம். ரோலர் கைப்பிடியின் அடியில் இந்தத் துளையைப் பாருங்கள். இதில் மரை இருக்கிறது. இன்னொன்றில் வெறும் துளை, கம்பைச் சொருக வேண்டியதுதான். அமெரிக்காவில் முக்கால் இன்ச் விட்டம், இன்ச்சுக்கு 5 மரை என்பது பொதுவான அளவு. நம் கடைகளில் அந்த அளவும் வரும், வேறு அளவுகளும் வரும். அதனால் ரோலரைக் கையோடு கடைக்கு எடுத்துப் போய், மாட்டிப் பார்த்து வாங்குங்கள். குறைந்தது நாலு சுற்றாவது ஏறி இறுக வேண்டும். பிளாஸ்டிக் மரை சீக்கிரம் தேயும், கம்பின் நுனியில் உலோக மரை இருந்தால் நல்லது.

எந்தப் பொருளில் வாங்குவது? பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்க நம் ஊரில் மட்டையை மூங்கில் கம்பில் கட்டித்தான் அடித்தோம், இன்றும் அது நல்ல கம்புதான். இரும்புக் குழாய் விலை குறைவு, ஆனால் கனம். அலுமினியம் லேசு, ஆனால் அதில் மின்சாரம் பாயும். ஃபைபர் கிளாஸில் பாயாது, அதுவும் காய்ந்து சுத்தமாக இருக்கும்வரைதான். இன்னொன்றையும் கவனியுங்கள்: பல கம்புகளில் வெளிக்குழாய் மட்டும்தான் ஃபைபர், உள்ளிருந்து நீளும் குழாய் அலுமினியம். இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். வீட்டுக்குள் அடிக்கும்போது மெயினை அணைத்துவிடுங்கள், ஃபேனும் அதோடு நிற்கும். வெளிச்சுவரில், கம்பு எட்டும் தூரத்தில் கரண்ட் கம்பி போகிறது என்றால் எந்தக் கம்பையும் தூக்காதீர்கள். மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்திய பிறகு அடியுங்கள்.

[காட்சி: கடை. கம்பைத் தரையில் ஊன்றி அழுத்துகிறார்கள்.]

கடையிலேயே இதைச் செய்து பாருங்கள். கம்பை நீட்டி லாக் போட்டு, நிமிர்த்தி ஊன்றி, இரண்டு கையாலும் மேலிருந்து அழுத்துங்கள். அழுத்தியபடியே இரண்டு பக்கமும் திருகுங்கள். ஒரு இன்ச் இறங்கினாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அப்புறம் ரோலரை மாட்டி, படுக்கை வாக்கில் தூக்கிப் பிடியுங்கள். இப்போதே நுனி தொங்கினால், பெயின்ட் குடித்த ரோலரோடு இன்னும் மோசமாகத் தொங்கும்.

[காட்சி: மாலை. குழாயடியில் கம்பைக் கழுவுகிறார்கள்.]

வேலை முடிந்ததும் முதலில் கழுவ வேண்டியது லாக். என் கம்பு இறங்கியதற்கும் காரணம் உள்ளே காய்ந்திருந்த பெயின்ட்தான், பிரித்துப் பார்த்தபோது தெரிந்தது. கம்பை முழுதாக நீட்டிவைத்து, இணைப்பில் வழிந்த எமல்ஷனை ஈரத்துணியால் துடைத்து, தண்ணீர் விட்டுக் கழுவி, நிழலில் காய வையுங்கள். காய்ந்த பிறகே சுருக்குங்கள். மறுநாள் இரண்டாவது கோட்டிங் அடிக்க எடுக்கும்போது பட்டன் இதோ, இப்படி "டக்"கென்று குழியில் விழும்.

[காட்சி: பட்டன் விழுகிறது. ரோலர் சீலிங்கைத் தொடுகிறது.]