ஊமையான ஜி கட்டையும் 50 ரூபாயும்

எல்லோருக்கும் வணக்கம். சென்ற காணொளியில் நான் எவ்வளவு கோபமாகப் பேசினேன் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் கிறிஸ்தவ ஆலயத்தில், காலால் மிதித்துக் காற்றூட்டி வாசிக்கும் பழைய மிதி ஆர்கனில், நடு சி சுரத்துக்கு மேலே உள்ள ஜி சுரத்தின் கட்டை ஊமையாகிவிட்டது. பழுதுபார்க்க வந்தவர் 6,500 ரூபாய் கேட்டார். கமிட்டியில் சிலர், அதோடு இன்னும் கொஞ்சம் பணம் போட்டுக் கீபோர்டே வாங்கிவிடலாம் என்றார்கள். நேற்று மாலை அந்த ஜி மறுபடியும் ஒலித்தது. ஆன செலவு 50 ரூபாய்!

அந்த 50 ரூபாய்க்குக் கணக்குச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. பழைய ஸ்போக் கம்பி ஒன்றின் நுனியைச் சிறு கொக்கியாக வளைத்துக் கொடுத்த சைக்கிள் கடைக்காரருக்கு 20 ரூபாய், மெல்லிய தூரிகைக்கு 30 ரூபாய். ஆர்கனின் பலகையைக் கழற்றினால், காற்றில் அதிர்ந்து ஒலி தரும் நாக்குள்ள பித்தளைத் தகடுகளான ரீடுகள் ஒவ்வொன்றும் தனித்தனி அறையில் செருகப்பட்டிருப்பது தெரியும். கொக்கி மாட்டி இழுப்பதற்கென்றே ரீடின் ஓரத்தில் ஒரு வெட்டு உண்டு. அப்படி இழுத்துப் பார்த்தால், ரீடின் நாக்குக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு பூச்சிச் சிறகு! நாக்கு அதிர்ந்தால்தான் சுரம். இம்மியளவு தூசி போதும், அது நின்றுபோகும். தூரிகையால் தட்டிச் செருகி, காலால் மிதித்து, கட்டையை அழுத்தினேன். அருகில் நின்ற உபதேசியார் கைதட்டியேவிட்டார்.

முன்பே சொல்லியிருக்க வேண்டிய ஒன்று: ரீடின் நாக்கைச் சுரண்டாதீர்கள். நுனியில் சுரண்டினால் சுருதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும். ஏறுக்குமாறாகச் சுரண்டிய பித்தளையை மறுபடி ஒட்ட முடியாது.

ஒரு கட்டைக்காக இவ்வளவு பாடா என்று கேட்டிருந்தீர்கள். பைபிளின் சங்கீதங்களைப் பாடல்களாகத் தந்த 1551-ஆம் ஆண்டு ஜெனீவா சங்கீதப் புத்தகத்தில் வந்த, நாம் 'ஓல்ட் ஹண்ட்ரட்' என்று அழைக்கும் மெட்டை, ஜி-யை ஆதார சுரமாகக் கொண்ட ஜி மேஜரில் வாசித்துப் பாருங்கள்: மெட்டு அந்த ஜி-யில்தான் தொடங்குகிறது, அதிலேயேதான் முடிகிறது. அது ஊமையாக இருந்த வாரங்களில், சபையார் முதல் சுரத்தைப் பிடிக்கத் தடுமாறியதை நான் பெஞ்சில் இருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன்.

கீபோர்டின் தானியங்கித் தாளத்தை நான் அடியோடு வெறுப்பவன் என்பது உங்களுக்குத் தெரியும். ஆலயத்தில் வயதானவர்கள் பாட்டின் ஒவ்வோர் அடியின் முடிவில் மூச்செடுக்கச் சற்று நேரமாகும். அந்த மூச்சுக்கு ஆர்கன் வாசிப்பவர் காத்திருப்பார், இயந்திரத் தாளம் காத்திருக்காது. மாலையில் என்னிடம் லண்டன் டிரினிட்டி கல்லூரியின் இசைத் தேர்வுக்குப் படிக்க வரும் பிள்ளைகளுக்கும் இதைத்தான் முதலில் கற்றுத் தருகிறேன். பியானோவில் அடித்த சுரம் தானே தேயும், ஆர்கனிலோ விரல் எடுக்கும்வரை அதே வலிமையோடு நிற்கும். ஆகவே ஒரு கட்டையை அழுத்தியிருக்கும்போதே அதன்மேல் இன்னொரு விரலை மாற்றிவைத்து, ஒலி அறாமல் அடுத்த கட்டைக்குப் போகப் பழக வேண்டும், அடியின் முடிவில் எல்லா விரல்களையும் ஒன்றாக எடுத்து மூச்சுக்கு இடம் விட வேண்டும். பெற்றோர் பலருக்கு இது சலிப்பூட்டுகிறது. அவர்களுக்குச் சான்றிதழ்தான் அவசரம். அந்தக் கட்டணத்தில்தான் என் வீட்டு அடுப்பு எரிகிறது என்றாலும், இந்தப் பயிற்சியை நான் விட்டுக்கொடுப்பதில்லை.

கீர்த்தனை வரும்போது கதை வேறு. 1774-இல் நம் திருநெல்வேலியில் பிறந்த கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளுக்கு நான்கு குரல் கார்டுகளை, அதாவது ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்களை, அடுக்குவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. கட்டை வைத்த வாத்தியத்தில் கமகம், அதாவது சுரத்தை அசைத்து இழைப்பது, வராது. ஆகையால் சட்ஜமத்தையும் (ச) பஞ்சமத்தையும் (ப) மட்டும் மெதுவாகப் பிடித்துக்கொண்டு, பாட்டைப் பாடுகிறவர்களிடமே விட்டுவிடுகிறேன்.

கமிட்டி கீபோர்டுப் பேச்சை இப்போதைக்கு ஒத்திவைத்திருக்கிறது. அடுத்த வேலை, ஆர்கனுக்குக் காற்றுத் தரும் துருத்தி. மடிப்புகளில் காற்றுக் கசிவதால் வேகமாக மிதிக்க வேண்டியிருக்கிறது. ரப்பர் பூசிய மெல்லிய பருத்தித் துணி, கெட்டியான தார்ப்பாய் வகை அல்ல, மதுரைப் பக்கம் எந்தக் கடையில் கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் விலையோடு எழுதுங்கள்.