பேயை மலைதான் காட்டுகிறது

(கோடைக்கானல் பட்டிமன்றம். தலைப்பு: "மலையில் பேய் தெரிவதற்குப் பெரிதும் காரணம் மனிதர் மனமா, மலையின் இயல்பா?" இது 'மலையின் இயல்பே' அணியின் உரை.)

நடுவர் அவர்களே, ஸ்வெட்டருக்கு மேல் மப்ளரும் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே, இந்தக் குளிரிலும் எழுந்து போகாத பெரியோர்களே, வணக்கம்.

எனக்கு முன் பேசியவர் ஒரே ஒரு பழமொழியை வைத்துக்கொண்டு தன் நேரம் முழுவதையும் ஓட்டிவிட்டார். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்." ஐயா, அது சமவெளிக்குச் சரி. எங்கள் மலையில் இருட்டைப் பார்த்து எவன் அலறுகிறான்? இங்கே ஆளை அலற வைப்பதெல்லாம் வெளுத்தது. வெள்ளை மேகம், வெள்ளை மரம், வெள்ளைக் கால். அதோடு, அரண்டவன் கண்ணுக்குப் பேய் தெரிகிறது என்றாரே, அவனை முதலில் அரள வைத்தது எது? அதைச் சொல்லாமலே உட்கார்ந்துவிட்டார். நான் சொல்கிறேன்.

வெள்ளைக் காலிலிருந்தே ஆரம்பிப்போம். மேகம் இறங்கிய ராத்திரியில் வண்டி ஓட்டி வருகிறவர்கள் சொல்வது இது: சாலை ஓரமாக நாலு வெள்ளைக் கால் நடக்கிறது, மேலே உடம்பே இல்லை. பேய்க்குக் கால் கிடையாது என்று பாட்டி சொல்லியிருக்கிறாள். இங்கே கால்களுக்குப் பேய் கிடையாது! அது காட்டுமாடு. உடம்பு கன்னங்கரேல் என்று இருக்கும், முட்டிக்குக் கீழே சாக்ஸ் போட்டது போல வெளுத்திருக்கும். டிப் செய்த ஹெட்லைட் தரையோரமாகத்தான் அடிக்கும். அந்த வெளிச்சம் வெள்ளைக் காலில் பட்டுத் திரும்புகிறது. கறுப்பு உடம்பு மூட்டத்தில் கரைந்துவிடுகிறது. அதை மனப்பிரமை என்று நினைத்து நேரே வண்டியை விட்டால் எதிரே நிற்பது ஆயிரம் கிலோ. ஹாரன் அடிக்கக் கூடாது, ஹைபீம் போடக் கூடாது. வண்டியை நிறுத்த வேண்டும். ஒன்று போனால் பின்னாலேயே கன்றும் மற்றதும் வரும்; எல்லாம் கடந்த பிறகுதான் நகர வேண்டும்.

வெள்ளைச் சேலைக்காரியும் அப்படித்தான். மூட்டத்துக்குள் ஹைபீம் போட்டால் நீர்த்துளிகள் வெளிச்சத்தை அப்படியே நம் கண்ணுக்கே திருப்பி அடிக்கும். எதிரே ஒரு வெள்ளைச் சுவர் எழும்பும். அந்தச் சுவரில், பட்டை உரிந்து வெளுத்து நிற்கும் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) ஒன்று தெரிந்தால் போதும், தொங்கும் பட்டைதான் முந்தானை. லைட்டை டிப் செய்யுங்கள், சேலைக்காரி போய்விடுவாள். சாலை நடுவே தரையோடு தரையாக இரண்டு சிவப்புக் கங்குகள் தெரிந்து, கிட்டே போனதும் மறைந்தால், அது பக்கி என்கிற ராப்பறவை. ரோட்டிலேயே உட்கார்ந்திருக்கும், கண்ணில் விளக்குப் பட்டால் தணல் போல மின்னும், வண்டி நெருங்கியதும் சத்தமில்லாமல் பறந்துவிடும்.

இவையெல்லாம் சில்லறை. கோக்கர்ஸ் வாக்குக்கு வாருங்கள். 1872-ல் போட்ட ஒரு கிலோமீட்டர் நடைபாதை. ஒரு பக்கம் அதலபாதாளம். பள்ளத்தில் மேகம் நிறைந்து, சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் தாழ்வாக நின்றால், எதிரே மேகத்தில் பூதாகரமாக ஓர் உருவம் எழும். கால் நீண்டு, தலை சிறுத்து, தலையைச் சுற்றி வானவில் வளையம். பிராக்கன் உருவம் என்று அறிவியலில் பெயர் உண்டு. அது நம் நிழல். பக்கத்தில் நிற்கிறவரின் நிழல் தலையில் வளையம் தெரியாது. அவரவருக்கு அவரவர் தலையில் மட்டும்தான் தெரியும். ஏனென்றால், துளிகளில் பட்ட ஒளி வந்த வழியே திரும்புகிறது. என் தலைக்குத் திரும்பும் ஒளி உங்கள் கண்ணுக்கு வராது. "எனக்கு மட்டும் தெரிந்தது, கூட இருந்தவனுக்குத் தெரியவில்லை, ஆகவே மனம்தான்" என்றார் எதிரணித் தலைவர். இதோ, ஒருவனுக்கு மட்டும் தெரிகிற, கேமராவிலும் பதிகிற உருவம்! அது யார் என்று சந்தேகமாக இருந்தால் கையைத் தூக்கிப் பாருங்கள். அதுவும் தூக்கும்.

கண்ணை விடுங்கள். மலையில் பாதிப் பேய் காதில்தான் இருக்கிறது. "நள்ளிரவில் யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள், வெளியே வந்தால் ஆளே இல்லை" என்ற கதையை ஊட்டியிலும் கேட்கலாம், கோடைக்கானலிலும் கேட்கலாம். டிசம்பர், ஜனவரியில், வானம் தெளிந்து காற்று நின்ற ராத்திரியில், பள்ளத்தில் குளிர்காற்று தேங்கும். தரையோரம் அதிகக் குளிர், மேலே கொஞ்சம் வெதுவெதுப்பு. வழக்கத்துக்குத் தலைகீழ். இப்படி ஆகும்போது மேலே போய்த் தொலைய வேண்டிய ஓசை வளைந்து கீழேயே இறங்குகிறது. எதிர் மலையில் பேசுவது நம் வாசலில் கேட்கும். ஊட்டிப் பக்கம் தலைகுந்தாவிலும் காந்தலிலும் புல்லில் உறைபனி படிவதும் இதே மாதிரி ராத்திரிகளில்தான். காலையில் புல் வெளுத்துக் கிடக்கிறதா? முந்தின ராத்திரி கேட்ட குரலுக்குச் சாட்சி அதுதான்.

அந்த நேரத்தில் எதிர் மலையில் யார் பேசுவார்கள் என்று கேட்கிறீர்களா? நீலகிரியில் கேரட் அறுவடைக்கு இருட்டிலேயே, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். காட்டுப்பன்றிக்குக் காவல் இருப்பவர்கள் இருக்கிறார்கள். சரிவில் வரிசையாக ஆடி ஆடிப் போகும் கொள்ளிவாய்ப் பேய்களுக்கும் இவர்கள்தான் பொறுப்பு. (சதுப்பில் வாயு தானாகப் பற்றிக்கொள்கிறது என்ற பழைய விளக்கத்தை நான் கொண்டு வரவில்லை. மீத்தேன் தானாகப் பற்றாது, நெருப்பு வேண்டும். நம் அணிக்குச் சாதகம் என்பதற்காகத் தப்பான சாட்சியைக் கூண்டில் ஏற்ற முடியாது.)

இனி, ஆளே அல்லாத குரல்கள். கேளையாடு என்கிற சிறு மான் நாய் போலக் குரைக்கும், விட்டு விட்டு, வெகுநேரம். சிறுத்தை நடமாட்டம் இருந்தால் நிறுத்தவே நிறுத்தாது. கடமான் கொடுக்கும் எச்சரிக்கை தகரத்தில் சுத்தியல் பட்டது போல ஒரே அடி. வயிற்றில் புள்ளியுள்ள பெரிய காட்டாந்தை ஒன்று இருக்கிறது, அதன் அலறல் பெண்ணின் அலறலேதான். இலங்கையில் உலமா என்று நடுங்கும் பேய்ப்பறவை இதுதான் என்று பலரும் கருதுகிறார்கள். விடியலுக்கு முன், ஓடைப் பள்ளத்தில், சினிமாப் பாட்டைப் பாதியில் மறந்தவன் போல யாரோ விசில் அடித்தால் அது சீகாரப் பூங்குருவி. வெள்ளைக்காரர்கள் அதற்கு விசிலடிக்கும் பள்ளிக்கூடப் பையன் என்றே பெயர் வைத்தார்கள். நீங்கள் பதில் குரல் கொடுத்து, அது ஒரு விநாடி கழித்துத் திரும்பி வந்தால், பாறை 170 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று கணக்கு. பேய் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று அளந்தே சொல்லிவிடலாம்.

வீட்டுக்குள் பேய் என்றால் முக்கால்வாசி கூரை. ஆறு மீட்டர் இரும்புத் தகடு. பகல் வெயிலில் 45 டிகிரிக்கு ஏறி, இரவில் 5 டிகிரிக்கு இறங்கினால் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் சுருங்கும். ஆணி விடாமல் பிடிக்கும், தகடு இழுக்கும், ஒரு கட்டத்தில் நழுவும். 'டக்'. அடுத்த ஆணி, 'டக்'. கூரையில் யாரோ நடக்கிறார்! பொழுது சாய்ந்ததும் வேகமாக நடப்பார், போகப் போகத் தளர்ந்து இரண்டு மூன்று மணி நேரத்தில் அடங்கிவிடுவார். அதற்குப் பிறகும் நள்ளிரவில் ஓடினால் மரநாய். பகலில் ஏறி எச்சத்தைப் பாருங்கள், பழக்கொட்டையாக இருக்கும். பேய் பழம் தின்று கொட்டை போடாது.

இனி பில்லர் ராக் பக்கம். இன்று குணா குகை என்று எல்லாரும் சொல்கிற இடத்துக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் டெவில்ஸ் கிச்சன், சாத்தானின் சமையலறை. பிளவுகளிலிருந்து புகை எழுவதால் அந்தப் பெயர் என்பார்கள். அது புகை அல்ல. பிளவுக்குள் தேங்கிய குளிர்ந்த ஈரக்காற்றும் வெளிக்காற்றும் கலக்கும்போது உருவாகும் மூட்டம். குகை ஆளை இழுக்கிறது என்ற கதைக்கும் காரணம் கண்ணெதிரே கிடக்கிறது. மேலே சோலை மரங்களின் வேர் பின்னி, சருகு மூடி, பாசி படர்ந்து, பிளவு இருப்பதே தெரியாது. தரை என்று நினைத்து வைக்கிற கால் உள்ளே போகும். அதனால்தான் கம்பி வேலி. அதை மனம் என்று சொல்கிறவர்கள் வேலியைத் தாண்டிப் பார்க்கட்டும். வேண்டாம், விளையாட்டுக்குக்கூட அப்படிச் சொல்லக் கூடாது.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய அம்மா ஒரு நல்ல கேள்வி கேட்டார். "அதே மூட்டம், அதே ஓசை மலைக்காரனுக்கும்தானே? அவன் ஏன் பயப்படவில்லை? அப்படியானால் மனம்தானே காரணம்?" அம்மா, அவனுக்கு எது கேளையாடு, எது கூரை என்று தெரியும். தெரியாத இடத்தில் அவனும்தான் பயந்திருக்கிறான். அந்தக் கதை கசப்பானது, கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

ஊட்டியிலிருந்து மசினகுடி இறங்கும் கல்லட்டிப் பாதை. 36 கொண்டை ஊசி வளைவு. வளைவில் பேய் தள்ளுகிறது என்று எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு இறங்குகிறவர்கள் உண்டு. தள்ளுவது சூடு. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் லைனிங் காய்ந்து பிடிப்புப் போகும், பிரேக் ஆயில் கொதிக்கும், பெடல் தொபுக்கென்று உள்ளே போகும். எந்த கியரில் ஏறுவோமோ அதே கியரில் இறங்க வேண்டும். கருகல் வாடை வந்தால் அரைமணி நேரம் ஓரங்கட்ட வேண்டும். சூட்டில் தண்ணீர் ஊற்றக் கூடாது. வெளியூர் வண்டிகளை அந்தப் பாதையில் இறங்க விடாததற்குக் காரணம் இதுதான்.

அந்தக் கல்லட்டிப் பாதை இறங்கும் சீகூர் மலைச்சரிவு ஒரு காலத்தில் காய்ச்சலுக்குப் பேர்போனது. கீழே போய் வந்தவன் நடுங்கிப் படுத்தான், சிலர் எழுந்திருக்கவே இல்லை. மந்திரம் வைத்துவிட்டார்கள் என்றார்கள். 1897-ல் ஊட்டிக்கு வந்த ஆங்கில மருத்துவர் ரொனால்டு ராஸ் இந்தச் சீகூர் பக்கம் போய்த் தானும் மலேரியாவில் விழுந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் செகந்திராபாத்தில், கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். சரிவில் இருந்தது கொசு. ஆனால் அது தெரியாத காலத்தில், நோயும் மாட்டுச் சாவும் குறும்பர் என்ற மலைப் பழங்குடியினர் வைத்த சூனியம் என்று நம்பி, அந்த 19-ஆம் நூற்றாண்டில் நீலகிரியில் குறும்பர்களைக் குடும்பத்தோடு கொன்றிருக்கிறார்கள். மனத்தில் இருப்பதாகச் சொல்லும் பேய்க்கு ஒரு முகம் தேவைப்படுகிறது நடுவர் அவர்களே. அது பக்கத்து ஊர்க்காரன் முகமாகிவிடும். கொசுவைக் காட்டினால் கொசுவலையோடு கதை முடியும்.

நெஞ்சில் ஏறி அமுக்கும் அமுக்குவான் பேயை எதிரணிக்கே கொடுத்துவிடுகிறேன். தூக்கத்துக்கும் விழிப்புக்கும் இடையே உடம்பு அசைய மறுக்கும் சில விநாடிகள், மூளை செய்கிற வேலை, வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு நிபந்தனை. அமுக்கும்போது அறையில் கரியடுப்பு இருக்கக் கூடாது.

ஏனென்றால் இந்த மலையில் நிஜமாகக் கொல்கிற பேய் அதுதான். பார்பிக்யூ முடிந்ததும் தணலைப் பார்க்கிறார்கள். புகை இல்லை, வாடை இல்லை, இதமாக இருக்கிறது. குளிருக்கு அப்படியே அறைக்குள்ளோ டெண்டுக்குள்ளோ எடுத்துப் போய், ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுக்கிறார்கள். தணலிலிருந்து மணிக்கணக்கில் கார்பன் மோனாக்சைடு வரும். ரத்தம் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் அதை இறுகப் பிடிக்கும். முதலில் தலைவலி, பிறகு வாந்தி, நெஞ்சில் பாரம், புத்தித் தடுமாற்றம். இல்லாத குரல் கேட்கும், நிழல் நடக்கும். 1921-ல் வில்மர் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர் ஒரு பேய் வீட்டைப் பற்றி எழுதினார். அந்தக் குடும்பத்துக்குக் காலடி ஓசை கேட்டது, உருவங்கள் தெரிந்தன, செடிகள் வாடின. வீட்டைச் சூடாக்கும் உலை பழுதாகியிருந்தது, அதைச் சரிசெய்தார்கள். பேய் போய்விட்டது. நம் மலைகளில் அந்த வாய்ப்பே கிடைக்காமல், காலையில் கதவை உடைத்துத் தூக்கிய செய்திகளைப் படித்திருக்கிறோம்.

அடையாளம் ஒன்று உண்டு. ஒரே அறையில் இருக்கிற எல்லாருக்கும் ஒன்றாகத் தலை வலிக்கும், வெளியே வந்தால் தெளியும். உடனே எல்லாரையும் வெளியே இழுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள், உள்ளே திரும்பிப் போகாதீர்கள். ஆஸ்பத்திரியில் "உள்ளே கரி வைத்திருந்தோம்" என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இந்த விஷத்தில் ஏமாந்து 98 என்று காட்டும். ஜன்னலை ஓர் அங்குலம் திறந்து வைத்தால் போதும் என்பதும் தப்பு. தணல் வெளியே இருக்க வேண்டும், அவ்வளவுதான். குளியலறை கேஸ் கீசருக்கும் இதே கதை.

எதிரணியின் கடைசிப் பேச்சாளர் இனி வரப்போகிறார். அவர் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும். நெஞ்சு அமுங்கி, நிழல் நடமாடி, நாலு பேர் மயங்கிக் கிடக்கும் அந்த அறையில், "எல்லாம் மனம்தான், தைரியமாக இருங்கள்" என்பாரா, கதவைத் திறப்பாரா?