தராசில் ஏறாத சர்க்கரை

(குடியாத்தத்தில் நூலக வாசகர்கள் கூடிய ஒரு மாலையில் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். அறிமுகம் செய்தவர் என்னை டாக்டர் ஆக்கிவிட்டார். இல்லைங்க, நான் முப்பது வருஷம் லேபில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தவன், அவ்வளவுதான். அங்கே ஒரே சண்டையைப் பல தடவை பார்த்திருக்கிறேன். பீடி சுற்றும் ஓர் அம்மா, எலும்பும் தோலுமாக இருப்பார், ரிசல்ட்டைக் கையில் வாங்கியதும் "ஏம்பா, என் உடம்புல சதையே இல்ல, எனக்கு எப்படி சக்கரை வரும், வேற யார் ரத்தத்தையோ மாத்திட்டீங்க" என்பார். மறுபடி எடுத்துப் பார்த்தாலும் அதே சர்க்கரைதான் இருக்கும்.

குண்டானவருக்குத்தான் சர்க்கரை என்ற கணக்கு பெரும்பாலும் வெள்ளைக்கார உடம்பைப் பார்த்துப் போட்டது. 2004-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஒரு போட்டோ வந்தது. புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யூட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். உயரத்துக்கு ஏற்ற எடையைச் சொல்லும் பிஎம்ஐ இரண்டு பேருக்கும் 22.3. ஆனால் உடம்பில் இருந்த கொழுப்பு லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2 சதவீதம்! நமக்குத் தசை குறைவு, கொழுப்பு அதிகம், அதுவும் வயிற்றுக்குள்ளே கல்லீரலைச் சுற்றிப் போய் உட்கார்ந்துகொள்ளும் கொழுப்பு. ரத்தத்தில் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும் இன்சுலினை அது வேலை செய்ய விடாது. இங்கிலாந்தில் லட்சக்கணக்கானவர்களின் பதிவுகளைப் பார்த்து 2021-ல் ஒரு கணக்கு வந்தது. வெள்ளையருக்கு பிஎம்ஐ 30-ல் இருக்கும் சர்க்கரை ஆபத்து, தெற்காசியருக்கு 23.9-லேயே வந்துவிடுகிறது. சீனருக்கு 26.9, கறுப்பினத்தவருக்கு 28.1.

அப்போ எல்லாம் ரத்தத்தில் எழுதியதா என்றால், அப்படியும் இல்லை. அமெரிக்காவில் அரிசோனாவிலும் எல்லை தாண்டி மெக்சிகோ மலையிலும் பீமா என்ற ஒரே பழங்குடி வாழ்கிறது. 2006-ல் வெளியான ஆய்வில் அரிசோனா பீமாக்களில் 38 சதவீதம் பேருக்குச் சர்க்கரை, மலையில் உழுது நடந்து வாழ்ந்தவர்களில் 7 சதவீதம்கூட இல்லை. வம்சம் ஒன்றுதான், சாப்பாடும் உழைப்பும்தான் வேறு. (நம் ஆற்காடு மக்கன் பேடாவை நான் குறை சொல்லவில்லை, தினமும் நாலு வேண்டாம் என்கிறேன்.)

சரி, அந்த பீடி அம்மாவுக்கு வருவோம். அவருக்குத் தொப்பையும் கிடையாதே? இங்கேதான் நம் வேலூர் வருகிறது. சின்ன வயசில், தாய் வயிற்றிலேயேகூட, சத்து கிடைக்காமல் வளர்ந்தவர்களுக்கு ஒல்லியாக இருக்கும்போதே வரும் சர்க்கரை ஒன்று உண்டு. 1955-ல் ஜமைக்காவில் கண்டு எழுதினார்கள், 1985-ல் உலக சுகாதார நிறுவனம் அதைத் தனி வகையாக வைத்தது, 1999-ல் ஆதாரம் போதாது என்று எடுத்தும் விட்டது. ஏழையின் வியாதிக்கு வாதாட யார் இருக்கிறார்கள் என்று எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. அப்புறம் வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி டாக்டர்கள் நியூயார்க் ஆய்வாளர்களோடு சேர்ந்து இப்படிப்பட்ட ஒல்லி நோயாளிகளைச் சோதித்து 2022-ல் வெளியிட்டார்கள். இவர்களுக்குக் கல்லீரலில் கொழுப்பு குறைவு, இன்சுலின் வேலை செய்யாமல் போவது பெரிய சிக்கல் இல்லை, கணையம் இன்சுலினைச் சுரப்பதே மிகக் குறைவு. இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் பெரும்பாலோருக்கு வரும் டைப் 2 மாதிரியும் இல்லை, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தைத் தாக்கி வரும் டைப் 1 மாதிரியும் இல்லை. 2025-ல் பாங்காக்கில் சர்வதேச நீரிழிவு கூட்டமைப்பு இதற்கு டைப் 5 என்று பெயர் வைத்தது.

பெயர் வைத்தால் என்ன ஆகிவிடும் என்கிறீர்களா? இந்த அம்மாவிடம் போய் "எடையைக் குறை, சாப்பாட்டைக் குறை" என்று யாராவது சொன்னால் எவ்வளவு அநியாயம், யோசித்துப் பாருங்கள். ஏற்கெனவே ஒரு வேளைதான் சாப்பிடுகிறார். அவருக்குப் புரதம் வேண்டும், மருந்தின் அளவும் அவர் உடம்புக்குத் தகுந்தபடி டாக்டர் பார்த்துத் தரவேண்டும்.

வெளியே மேசையில் டெய்லர் டேப் வைத்திருக்கிறேன். நம் ஊர் ஆண்களுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80, அதைத் தாண்டினால் சர்க்கரை பார்த்துக்கொள்ளுங்கள். ஒல்லியாக இருப்பவர்களும் பார்க்கணும், டேப் உங்களைப் பிடிக்காது. பேன்ட் சைஸைச் சொல்லித் தப்பிக்க வேண்டாம், அது தொப்பைக்குக் கீழே போடுவது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் வைத்து, மூச்சை விட்டபிறகு அளக்கணும். வயிற்றை எக்கினால் மறுபடி அளப்பேன்.