களைத்தவரை வரிசையில் நிறுத்தாதீர்கள்

இந்நிகழ்வுக்குத் தலைமை தாங்கும் பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பிரதம விருந்தினராக வந்து மங்கல விளக்கேற்றிய பிரதேச செயலாளர் அவர்களே, பல வேலைகளுக்கு நடுவிலும் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சுகாதார வைத்திய அதிகாரி அவர்களே, ஆசியுரை வழங்கிய சிவாச்சாரியார் அவர்களே, அருட்தந்தை அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய நோயாளர் நலன்புரிச் சங்கத்தினரே, தாய்மாரே, தந்தையரே, அனைவருக்கும் வணக்கம். நான் இளைப்பாறிப் பல காலமாகியும் ஊரவர் என்னை இன்னும் ‘அப்போதிக்கரி’, அதாவது உதவி வைத்தியர், என்றே அழைக்கிறார்கள். அந்த உரிமையோடு சில வார்த்தைகள் பேசுகிறேன்.

மூன்று விடயங்களைச் சொல்ல விரும்புகிறேன். கொரோனாவுக்குப் பிறகு நீடிக்கும் வருத்தம் எது என்பது முதலாவது. அதற்கு நமது சிறிய வைத்தியசாலைகளிலேயே என்ன செய்யலாம் என்பது இரண்டாவது. பாடசாலைப் பிள்ளைகளின் நிலை மூன்றாவது.

‘தலையிடியும் காய்ச்சலும் தனக்குத் தனக்கு வந்தால்தான் தெரியும்’ என்று நம்மவர் சொல்வார்கள். இந்த வருத்தத்துக்கு அதைவிடப் பொருத்தமான முன்னுரை எனக்குத் தெரியாது. தொற்று வந்து மூன்று மாதமளவில் காணப்பட்டு, குறைந்தது இரண்டு மாதம் நீடித்து, வேறு நோயால் விளக்க முடியாதிருக்கும் களைப்பு, மூச்சு வாங்குதல், நினைவுத் தடுமாற்றம் முதலானவற்றை உலக சுகாதார நிறுவனம் 2021 ஒக்டோபரில் ஒரு நோய்நிலையாக வரையறுத்தது. தொற்றுக்குள்ளான நூறு பேரில் ஏறத்தாழ 6 பேருக்கு இது ஏற்படுவதாக அந்நிறுவனம் மதிப்பிடுகிறது. பி.சி.ஆர். துண்டு இருந்தால்தான் நோயாளி என்று அந்த வரையறை சொல்லவில்லை. தொற்று உறுதிப்பட்டவரையும், தொற்றியிருக்கக்கூடியவரையும் அது ஒருங்கே ஏற்கிறது. வீட்டிலேயே மல்லித்தண்ணீர் குடித்துப் படுத்தெழும்பிய நம்மவர்களுக்கு இது மிக முக்கியமான செய்தி.

முத்தையன்கட்டுப் பக்கத்து விவசாயி ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் பெயரைச் சொல்லமாட்டேன்; ஆனால் கதையைச் சொல்லிச் சிரிக்க வைக்க அனுமதி தந்திருக்கிறார். 2021 ஓகஸ்டில் நாடு முடக்கப்பட்டிருந்த வேளையில் அவருக்குக் காய்ச்சல் வந்து போயிற்று. காலபோகம் தொடங்கியதும் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தைக் கைப்பிடியால் சுற்றி இயக்கப் போனார். முன்பு ஒரே சுற்றில் உறுமிய இயந்திரம் அசையவில்லை. இரண்டாவது சுற்றோடு மனிதர் வரம்பில் இருந்துவிட்டார். மனைவி வந்து சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்ற, இயந்திரம் இயங்கிவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த மாமியார், “மருமகனுக்கு வருத்தமில்லை, பஞ்சி” என்று தீர்ப்பளித்துவிட்டார். அந்தத் தீர்ப்பு மாலைக்குள் ஊரெல்லாம் பரவியது. செய்வினையாக இருக்கலாம் என்று நூல் கட்டினார்கள். பிறகு நகரத்து மருத்துவர் ஒருவரிடம் காட்டினார்கள். எல்லா ‘ரிப்போர்ட்’டும் நல்லாயிருக்கிறது, உடம்பு சும்மாயிருந்து கெட்டுப்போய்விட்டது, காலையில் ஓடுங்கள் என்றார் அவர். நம்மவரும் கீழ்ப்படிவுள்ளவர், குளக்கட்டில் ஓடினார். ஓடிய அன்று ஒன்றும் நேரவில்லை. மறுநாள் படுத்தவர் வாரம் முழுவதும் எழும்பவில்லை. தேங்காய் துருவும் சத்தம்கூடத் தலைக்குள் இடித்ததாம். அடுத்த ஆண்டு மாமியாருக்கும் அதே காய்ச்சல் வந்தது. முற்றம் கூட்டினால் மறுநாள் பாயோடு கிடந்தார். ஒருநாள் மருமகனைக் கூப்பிட்டு, “தம்பி, உமக்கும் இப்பிடித்தானே இருந்தது?” என்று கேட்டாராம். தலையிடியும் காய்ச்சலும் தனக்குத் தனக்கு வந்தால்தான் தெரியும்!

சிரித்தீர்கள், நல்லது. ஆனால் அந்த மறுநாள்தான் இந்நோயின் திறவுகோல். உழைப்புக்குப் பின், பல மணி நேரமோ ஒரு நாளோ கழித்து வந்து அடிக்கும் தளர்வு உள்ளவரை, நாளுக்கு நாள் கூட்டிக் கூட்டிப் பயிற்சி செய்விப்பது கேடு. இதையொத்த நீடித்த களைப்பு நோய்க்கு அத்தகைய பயிற்சியை விதிக்கவேண்டாம் என்று பிரித்தானியாவின் வழிகாட்டிகளே 2021இல் மாற்றி எழுதிவிட்டன. தன் பலத்தின் எல்லையை அறிந்து, வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, களைப்பதற்கு முன்பே இளைப்பாறுவதே இப்போது சொல்லப்படும் வழி.

இரண்டாவது விடயத்துக்கு வருகிறேன். இதை முற்றாகக் குணப்படுத்தும் மருந்து என்று நிறுவப்பட்ட ஒன்று இன்றுவரை இல்லை. அதற்காக ஒன்றும் செய்யமுடியாது என்று அனுப்பிவிடுவது வைத்தியமாகாது. இரத்தச்சோகை, தைரொயிட், நீரிழிவு, காசநோய், இதயத் தளர்ச்சி ஆகியவை இல்லை என்று முதலில் உறுதிசெய்ய வேண்டும். வவுனியாப் பக்கத்தில் சிறுநீரக நோய் பரவலாக இருப்பதால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினீன் அளவையும் பார்க்கவேண்டும். எழுந்து நின்றால் நெஞ்சு படபடக்கிறது என்பவரைச் சிறிது நேரம் படுக்கவைத்து, பின் நிற்கவைத்துப் பத்து நிமிடம் நாடியையும் இரத்த அழுத்தத்தையும் அளந்தால் போதும். வளர்ந்தவருக்கு அழுத்தம் விழாமல், படுத்திருந்ததைவிட நாடி நிமிடத்துக்கு 30க்கு மேல் கூடி அப்படியே நின்றால், படபடப்பின் காரணம் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். இதற்குக் கடிகாரமும் அழுத்தமானியுமே தேவை. அத்தகையவருக்கு நீரும் உப்பும் கூட்டச் சொல்வார்கள். ஆனால் சிறுநீரகமோ இரத்த அழுத்தமோ சரியில்லாதவருக்கு உப்பைக் கூட்டுவது ஆபத்து என்பதால், நமது மண்ணில் அந்த ஆலோசனையைப் பார்த்துத்தான் கொடுக்கவேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். வன்னியில் எந்த நோவுக்கும் யுத்தத்தைக் காரணம் காட்டிவிட முடிகிறது. 2009ஐக் கடந்துவந்தவர் களைக்கிறது என்றால், அது மனவுளைச்சல் என்று எழுதிவிடுகிறார்கள். மனத்துயர் உண்டு, அதற்கும் துணை வேண்டும். ஆனால் நாடியைப் பிடித்துப் பார்க்காமலே மனம் என்று எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். செயற்கைக் காலோடு நடப்பவருக்குச் சாதாரண நடையே அதிக உழைப்பு. அவருக்கு இவ்வருத்தமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று கேட்பார் யாருமில்லை.

இனி, நான் எங்கு பேசினாலும் பேசும் விடயம். தலைவர் அவர்கள் பொறுத்தருள வேண்டும். இந்த நோயாளி கிளினிக்குக்கு எப்படி வருகிறார்? விடியுமுன் எழுந்து, பஸ் மாறி, ஏழு மணிக்கு முன் இலக்கம் எடுத்து, மத்தியானம் வரை நின்று, மருந்துக்கு இன்னொரு வரிசையில் நின்று, வீடு போய்ச் சேர்ந்து, மறுநாள் விழுந்துவிடுகிறார். அடுத்த கிளினிக்குக்கு வரவில்லை என்றால், குணமாகிவிட்டது என்று கொப்பியை மூடிவிடுகிறோம். கொரோனாவுக்கு முன்பே கர்ப்பிணிகளுக்காகவும் முதியோருக்காகவும் நான் கேட்டுவந்தது இரண்டுதான்: நேரம் குறித்த இலக்கத் துண்டு, உட்கார ஒரு கதிரை. இன்று அதே கோரிக்கை ஒரு நோய்க்குச் சிகிச்சையாகவே ஆகிவிட்டது.

ஏ-9 வீதியும் முல்லைத்தீவு வீதியும் சந்திக்கும் மாங்குளத்தில் ஆதார வைத்தியசாலை இருக்கிறது. அங்கே மருத்துவப் புனர்வாழ்வுக்கான வசதியும் அமைந்திருக்கிறது. வாரத்தில் ஒருநாள் பிற்பகல், பொது வைத்திய நிபுணரும் இயன்மருத்துவரும் ஒரே இடத்தில் இருந்து இந்நோயாளரைப் பார்க்க ஒழுங்கு செய்யவேண்டும். புதுக்குடியிருப்பிலிருந்தும் துணுக்காயிலிருந்தும் நெடுங்கேணியிலிருந்தும் அந்நாளில் இடையில் மாறாத ஒரு பஸ் ஓடவேண்டும். வர இயலாதவரின் பெயரைக் குடும்பநல உத்தியோகத்தரும் கிராம அலுவலரும் சேர்ந்து பதியவேண்டும். முன்வரிசையில் இருக்கும் பெரியோர்கள் மனம் வைத்தால் புதுக் கட்டடம் எதுவும் தேவைப்படாது.

மணி அடித்துவிட்டார்கள். பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவந்தது அப்படியே நிற்கிறது. அதிபர்மார் இன்னொரு நாள் அழைத்தால் அதற்கென்றே வருகிறேன். இக்கோரிக்கைகளுக்கான மகஜர் கையொப்பத்துக்காக வாசலருகே மேசையில் இருக்கிறது. நிற்க இயலாதவர்கள் இருந்த இடத்திலேயே இருங்கள். தொண்டர்கள் தாளையும் பேனையையும் உங்களிடம் கொண்டுவருவார்கள். நன்றி, வணக்கம்.