குதிரைக்குச் சோறு போட்டால் என்ன நடக்கும்? புது லாயத்தில் முதல் பத்து நாள்

[திரையில்: பழைய கப்பல் ஓவியம், அலைச் சத்தம்]

ஒரு ராஜா வருடத்துக்கு 2,000 குதிரைக்கு மேல் வாங்குகிறார். வருட முடிவில் எண்ணிப் பார்த்தால் நூறு கூட மிச்சமில்லை. சண்டையும் இல்லை, களவும் இல்லை, எல்லாம் செத்துப்போயின. எங்கே என்று நினைக்கிறீர்கள்? இந்தக் கடலுக்கு அங்கால், பாண்டிய நாட்டில். காரணத்தைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வீர்கள்.

வணக்கம் உறவுகளே. யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு குதிரை வீடியோ போடுகிறாயே, விசரா என்று கேட்கப் போகிறவர்கள் ஒருமுறை நெடுந்தீவுக்குப் போய்வாருங்கள். குறிகட்டுவானில் படகு ஏறினால் ஒரு மணித்தியாலம்தான். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தோடு வந்த குதிரைகளின் வம்சம் அங்கே கட்டுக்கயிறு இல்லாமல் திரிகிறது, பழைய லாயத்துத் தூண்களும் நிற்கின்றன. அதற்காக அதுகளைப் பிடித்துவந்து வளவில் கட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை! குதிரை ஒன்றைப் புது லாயத்துக்குக் கொண்டுவந்தால் முதல் பத்து நாள் எப்படிப் பார்ப்பது என்பதுதான் இன்றைய விஷயம், அதற்கு முன் அந்த ராஜா கதையை முடித்துவிடுவோம்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ இந்தப் பக்கம் வந்தார். அரேபியாவில் இருந்து காயல் துறைமுகத்தில் குதிரைகள் வந்து இறங்குவதைப் பற்றி எழுதியவர், அந்தக் கணக்கையும் எழுதியிருக்கிறார். ஏன் செத்தன? குதிரைக்குச் சோற்றோடு இறைச்சியைச் சேர்த்துச் சமைத்துக் கொடுத்தார்களாம்! விருந்தாளி வந்தால் வயிறு முட்டப் போடுவோமே, அந்தப் பழக்கம் குதிரை வரைக்கும் போயிருக்கிறது. இன்னொன்றும் சொல்கிறார், எனக்கு அதுதான் பிடித்தது. குதிரை விற்கிற வியாபாரிகள் குதிரை வைத்தியம் தெரிந்த ஒருவரையும் இந்தப் பக்கம் வரவிடவில்லையாம். செத்தால்தானே அடுத்த வருடமும் விற்கலாம்! போனை விற்றுவிட்டு, பழுது பார்க்கிறவனை ஊருக்குள் விடாத மாதிரி. மனுஷன் கொஞ்சம் கூட்டித்தான் எழுதியிருப்பார், ஆனால் சாப்பாட்டால் குதிரை சாகும் என்பதில் பொய் இல்லை.

ஏனென்றால் குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது போனதுதான். அந்தப் பெரிய உடம்புக்கு இரைப்பை எட்டில் இருந்து பதினைந்து லீட்டர் வரைதான் பிடிக்கும், அதனால் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மேய்ந்துகொண்டே இருக்கவேண்டும். புல்லைச் செரிக்கவைப்பது பெருங்குடலில் இருக்கிற நுண்ணுயிர்கள். தீனியைத் திடீரென்று மாற்றினால் அதுகள் குழம்பி, வாயு ஏறி, குதிரை வயிற்றுக் குத்தால் துடிக்கும். ஆகவே பழைய இடத்து வைக்கோலையும் தீனியையும் கூடவே ஏற்றி வாருங்கள். முதலில் முக்கால் பங்கு பழையது, கால் பங்கு புதியது, அப்படியே ஏழில் இருந்து பத்து நாளுக்குள் மாற்றலாம். என் அம்மம்மா மாடு வாங்கினால், விற்றவர் வீட்டில் ஒரு கட்டு வைக்கோலும் கேட்டு வாங்கித்தான் வருவா. குடலைப் பற்றி அவவுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை.

[திரையில்: கிணற்றில் வாளி இறங்குகிறது]

அடுத்தது தண்ணீர். இது யாழ்ப்பாணத்தாருக்குச் சொல்லவே தேவையில்லை. கோப்பாய்க் கிணற்றில் குடித்துப் பழகியவர் தீவுப் பக்கம் கலியாண வீட்டுக்குப் போனால் போத்தலோடுதான் போவார், ஒரு வாய் வைத்த உடனேயே "சவர்" என்று முகத்தைச் சுழிப்பார். குதிரையும் அதே முகத்தைத்தான் சுழிக்கும். மூக்கை வாளிக்குள் விடும், மேல் உதட்டால் தண்ணீரைத் தட்டும், பிறகு தலையைத் தூக்கி உங்களைப் பார்க்கும், குடிக்காது. நாளைக்கு 20 முதல் 40 லீட்டர் குடிக்கிற பிராணி, நம்முடைய வெயிலில் அதைவிடவும் கூடக் கேட்கும். குடிக்காவிட்டால் குடல் காய்ந்து சாணம் இறுகிவிடும். முதல் சில நாளுக்குப் பழைய கிணற்றுத் தண்ணீரைக் கானில் கொண்டுவந்து புதியதோடு கலந்து வையுங்கள். வெளிநாட்டில் ஆப்பிள் சாறு விட்டு ருசியை மறைப்பார்கள், நம்மிடம் பனங்கட்டி இருக்கிறது. கொஞ்சமாகக் கரையுங்கள், புறப்படுவதற்குச் சில நாளுக்கு முன்பே அந்த ருசியைப் பழக்குங்கள், பக்கத்தில் வெறும் தண்ணீரும் ஒரு வாளி இருக்கட்டும். உங்கள் ஊர்க் கிணறு நல்ல தண்ணீரா சவரா என்று கீழே எழுதுங்கள், சண்டை பிடிக்காமல்.

சரி, மற்றக் குதிரைகளோடு எப்போது சேர்ப்பது? மாணிக்கவாசகர் கதை ஞாபகம் இருக்கிறதா? வந்து இறங்கிய குதிரைகளை அன்றைக்கே அரண்மனை லாயத்தில் கட்டினார்கள், நடுச்சாமத்தில் எல்லாம் நரியாகி, பழைய குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடிப்போயின. பாண்டியர் லாயத்துக்கு ராசியே இல்லை! உங்கள் குதிரை நரியாகாது, ஆனால் தொற்று நோயோடு வந்திருக்கலாம். இரண்டு மூன்று கிழமை தனியாக வைத்து, இருமல், மூக்குச்சளி, காய்ச்சல் இருக்கிறதா என்று பாருங்கள். தனியாக என்றால் மூக்கு முட்டாத தூரத்தில், ஆனால் மற்றதுகள் கண்ணுக்குத் தெரியவேண்டும், தனிமை குதிரைக்குப் பெரிய பயம். வாளியும் தூரிகையும் அதற்கென்று வேறாக இருக்கட்டும். அதற்குப் பிறகு வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று மோந்து பழகட்டும், அப்புறம் ஒன்றாக விடலாம்.

வெளிச்சத்தோடு கொண்டுவந்து இறக்குங்கள். அவிழ்த்து விடுவதற்கு முன் கயிற்றில் பிடித்து வேலியோரமாக ஒரு சுற்று நடத்திக் காட்டுங்கள்.

முதல் இரவு நீங்கள் படுக்கக்கூடாது, சாணத்தை எண்ணவேண்டும். சிரிக்காதீர்கள், நல்ல குதிரை நாளைக்கு எட்டுத் தடவைக்குக் குறையாமல் போடும். போடவில்லை, தீனியைத் தொடவில்லை, காலால் நிலத்தைக் கிண்டுகிறது, திரும்பித் திரும்பி விலாவைப் பார்க்கிறது, விழுந்து புரளுகிறது என்றால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

குதிரை நின்றுகொண்டே தூங்கும் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் அது கண்ணயர்வு மட்டும்தான். ஆழ்ந்து கனவு காண்கிற தூக்கத்துக்கு அது படுத்தே ஆகவேண்டும், நாளைக்கு அரை மணியாவது. பயந்த குதிரை படுக்காது, காதை நாலு பக்கமும் திருப்பிக்கொண்டு விடிய விடிய நிற்கும். நாலாம் நாளோ பத்தாம் நாளோ, காலையில் போய்ப் பார்க்கும்போது விலாவில் வைக்கோல் ஒட்டியிருந்தால் படுத்திருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு நீங்களும் போய்ப் படுங்கள்.