சுளகில் விரித்த புகையிலை

வணக்கம். இன்று திருநெல்வேலிப் பக்கம் முக்கூடலில், என் பெரியம்மை வீட்டுத் திண்ணையிலிருந்து, பெண்களைப் பற்றிய பழமொழிகள் குறித்துப் பேசுகிறேன். நீங்கள் பார்க்கும் இந்தச் சுளகில், அதாவது முறத்தில், வெட்டிய பீடி இலையும் புகையிலைத் தூளும் இருக்கின்றன. 25 பீடி ஒரு கட்டு. 40 கட்டு சேர்ந்தால் ஆயிரம். பெரியம்மையும் பக்கத்து வீட்டு மதினியும் காலையிலிருந்து சுற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

சற்று முன் இருவரும் ஏதோ பேசி வாய்விட்டுச் சிரித்தபோது, தெருவில் போன ஒரு பெரியவர், "பொம்பள சிரிச்சா போச்சு, புகையில விரிச்சா போச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். சிரிப்பு அந்த நொடியே நின்றது. பெரியம்மை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு ஒன்றும் பேசாமல் அடுத்த இலையை எடுத்தார்.

புகையிலையைப் பிரித்துப் போட்டால் காற்றுப்பட்டுக் காரம் குறையும் என்பது சரக்கைப் பற்றிய அறிவு. சிரிச்சா, விரிச்சா என்று ஓசை ஒத்துப்போவதைத் தவிர, பெண்ணின் சிரிப்புக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனாலும் மெய்யான ஒன்றின் தோளில் ஏறி வருவதால், அந்தப் பழியும் மெய்போலக் காதில் விழுந்துவிடுகிறது. புகையிலையைச் சுளகில் விரித்து வைத்துத்தான் இந்தத் தெருப் பெண்கள் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள்.

"பெண் புத்தி பின் புத்தி" என்பதற்குப் பின்வருவதை அறியும் புத்தி என்று இப்போது சிலர் பொருள் சொல்கிறார்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை. வீட்டில் நிலம் விற்பது பற்றிப் பேசும்போது குறுக்கே ஒரு யோசனை சொன்ன பெண்ணை வாயடைக்கத்தான் அந்தச் சொல்லை நான் கேட்டிருக்கிறேன். பாராட்டாக ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. "அடுப்பூதும் பெண்களுக்குப் படிப்பெதற்கு" என்பதற்கோ, பாளையங்கோட்டையில் 1895-இலேயே தொடங்கிய சாராள் தக்கர் மகளிர் கல்லூரி பதில் சொல்லிவிட்டது.

ஆனால் எல்லாப் பழமொழியையும் ஒரே மூட்டையில் கட்டிவிடக் கூடாது. ஆச்சி கைதவறி உடைத்த சட்டியின் ஓடுகளை அள்ளிக்கொண்டே என் அம்மை, எனக்கு மட்டும் கேட்கும்படி, "மாமியார் உடைச்சா மண்சட்டி, மருமக உடைச்சா பொன்சட்டி" என்றார். அது பெண்ணைப் பழிக்கும் சொல் அன்று. அந்த வீட்டில் நியாயம் கேட்க இடமில்லாத ஒருத்தியின் வழக்கு. பெர்சிவல் பாதிரியார் 1874-இல் வெளியிட்ட தொகுப்பில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகள் உண்டு. இப்படி அச்சில் வரிசையாக வரும்போது, யார் வாயிலிருந்து, யாரை நோக்கி வந்த சொல் என்பது உதிர்ந்துபோகிறது.

ஆகவே உங்கள் வீட்டில் கேட்ட பழமொழிகளைக் கீழே எழுதும்போது, அதைச் சொன்னவர் யார், அப்போது அங்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பெரியம்மைக்கு இன்னும் ஆறு கட்டு பாக்கி இருக்கிறது. நூல் கத்தரித்துக் கொடுக்க நான் உள்ளே போகிறேன்.