நடுவில் கொஞ்சம் கடல்

நேயர்களுக்கு வணக்கம். அண்ணனும் தம்பியும் பக்கத்துப் பக்கத்துத் தீவில் இருக்கிறார்கள். பேச்சு ஒன்று, சாப்பாடு ஒன்று, ஞாயிற்றுக்கிழமை போகிற சர்ச்சும் ஒரே மாதிரிதான். ஆனால் தம்பி வீட்டு விசேஷத்துக்குப் போக அண்ணன் அனுமதிக்கு எழுதிப்போட வேண்டும். பசிபிக் கடலில் சமோவாவின் நிலை இதுதான். 1899இல் ஜெர்மனியும் அமெரிக்காவும் பங்கு போட்டுக்கொண்ட தீவுகள். கிழக்கே அமெரிக்க சமோவா, ஐம்பதாயிரம் பேர்கூட இல்லை. மேற்கே இருப்பது 1962இல் விடுதலை பெற்ற சமோவா நாடு, சுமார் இரண்டு லட்சம் பேர். நடுவில் தேதிக்கோடு வேறு, மேற்கின் தலைநகர் ஆப்பியாவில் வெள்ளிக்கிழமை விமானம் ஏறினால் கிழக்கின் தலைநகர் பாங்கோ பாங்கோவில் வியாழக்கிழமை இறங்கலாம்.

எந்தப் பக்கம் வாழ்க்கை நல்லது என்று கேட்டால் எல்லோரும் சம்பளத்தைத்தான் சொல்வார்கள். நான் 1918ஐச் சொல்வேன்.

அந்த நவம்பர் 7ஆம் தேதி, ஆக்லாந்திலிருந்து தலூன் என்ற கப்பல் ஆப்பியாவுக்கு வந்தது. கப்பலில் காய்ச்சல்காரர்கள் இருந்தார்கள், உலகத்தையே வாரிக்கொண்டு போன அதே ஸ்பானிஷ் ஃப்ளூ காய்ச்சல்தான். அப்போது மேற்கை ஜெர்மனியிடமிருந்து பிடித்து ஆண்டது நியூசிலாந்து ராணுவம், யாரும் தடுக்கவில்லை, எல்லோரும் இறங்கினார்கள். அங்கே வீட்டுக்குச் சுவர் கிடையாது, வட்டமாகத் தூண்கள், மேலே கூரை, மழை வந்தால் இறக்கிவிட ஓலைத் தட்டி. அந்தத் தட்டி இறங்கியபடியே கிடந்த வீடுகளில் எடுத்துப் புதைக்க ஆள் இல்லை. வைமோசோ என்ற ஊரில் ஒரே குழியில் போட்டு மூடினார்கள். இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 8,500 பேர், ஐந்தில் ஒருவருக்கும் மேல்.

கிழக்கே? ஒருவர்கூட சாகவில்லை. திரும்பச் சொல்கிறேன், ஒருவர்கூட இல்லை. அங்கே கவர்னராக இருந்த ஜான் பாயர் வந்த கப்பல்களைத் தடுத்து நிறுத்தினார், படகு எதுவும் கரையேறாதபடி ஊர்க்காரர்களே காவல் இருந்தார்கள். கோவிட் சமயத்தில் ஊர் எல்லையில் கட்டை போட்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு இது புரியும். மேற்கே இருந்த அதிகாரிக்கு உதவி செய்யவும் பாயர் முன்வந்தார், அந்த அதிகாரி ஏற்கவில்லை. 2002இல்தான் நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க் ஆப்பியாவுக்கே போய் மன்னிப்புக் கேட்டார்.

பழங்கதை என்று நினைக்காதீர்கள். 2018இல் சமோவாவில் தடுப்பூசி மருந்தைத் தவறாகக் கலந்து போட்டதில் இரண்டு குழந்தைகள் இறந்துபோயின, ஊசி என்றாலே மக்களுக்குப் பயம் வந்துவிட்டது. அடுத்த வருடமே தட்டம்மை வந்து 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் சின்னக் குழந்தைகள். கிழக்கே பிள்ளைகளுக்கு ஊசி போட்டிருந்தார்கள், இந்த முறையும் சாவு இல்லை.

சம்பளத்துக்கு நேரம் போதவில்லை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாங்கோ பாங்கோவில் டியூனா மீன் ஆலை இருக்கிறது, கூலி டாலரில் வருகிறது, அங்கே மீன் சுத்தம் செய்கிறவர்களில் பெரும்பாலோர் மேற்கிலிருந்து போனவர்கள்தான். ஆனால் கிழக்கே பிறந்தவருக்கும் அமெரிக்கக் குடியுரிமை பிறப்பிலேயே வராது, அதிபர் தேர்தலில் ஓட்டு இல்லை. குடியுரிமை வந்தால் குடும்ப நிலத்தை வெளியாருக்கு விற்க முடியாதபடி காக்கும் சட்டம் போய்விடுமோ என்ற கவலையில், வேண்டாம் என்று சொல்பவர்களும் அங்கே நிறைய. அப்புறம் அந்த நிலம், இரண்டு பக்கமும் இன்றைக்கும் பெரும்பகுதி குடும்பச் சொத்துதான். வணக்கம்.